எங்கள் முகங்களின் நிறம்

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால், கருமாதிக்குள் அவருடைய படம் சுவரில் ஏற வேண்டும். அந்தப் படங்களை வரைவதுதான் என் தொழில். பள்ளிக்கூடச் சுவர், கோயில் திரை, பெயர்ப்பலகை என்று மற்ற வேலைகளும் செய்கிறேன். ஆனால் இந்தக் கை எதற்காகப் பழகியது என்று யாராவது கேட்டால், தேயிலை மலையில் உழைத்து முடித்தவர்களின் முகத்தை வரைவதற்காக என்றுதான் சொல்வேன்.

வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் பழைய அடையாள அட்டை. அதில் பெருவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் புகுந்து ஒரு பக்கத்துக் கன்னம் கரைந்திருக்கும். நகரத்தில் எந்தக் கடையிலும் அதை ஸ்கேன் செய்து உடனே பெரிதாக்கிக் கொடுப்பார்கள். ஆனால் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் முகம் அந்தச் சின்னப் படத்துக்குள் அகப்படவே இல்லை. அகப்படாததை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கையால் வரைகிறவனைத் தேடி இன்றும் ஆட்கள் வருவதற்குக் காரணம் அதுதான்.

மகள் வந்திருந்தால் அவள் காதைப் பார்ப்பேன். மகன் வந்திருந்தால் தாடையைப் பார்ப்பேன். பிறகு கேட்கத் தொடங்குவேன். ஆத்தா காதில் என்ன போட்டிருந்தார்கள்? பொட்டு எவ்வளவு பெரிசு? மூக்குத்தி எந்தப் பக்கம்? கையில் பச்சை குத்தியிருந்தார்களா? முதல் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொல்லத் தொடங்கி, கடைசியில் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் முகம் எழும். கூடைக் கயிறு வருஷக்கணக்காக அழுத்திய உச்சியில் முடி மெலிந்திருக்கும். பாரத்தை இழுத்துப் பழகிய கழுத்து, கூடை இல்லாதபோதும் சற்று முன்னால் நீண்டே நிற்கும். அடையாள அட்டைக்காக நிமிர்த்தி உட்கார வைத்த படத்தில் அந்தக் கழுத்து இருக்காது. நான் அதைத் திரும்ப வைப்பேன். வீட்டார் படத்தைப் பார்த்ததும், ஏன் என்று தெரியாமலே, “ஆத்தா மாதிரியே இருக்கு” என்பார்கள்.

பேச்சு நிறத்துக்கு வரும்போதுதான் சிக்கல். “தம்பி, ஆத்தாவ கொஞ்சம் செவப்பா போட்டுக் குடுங்க.” இதைச் சொல்லாத வீடு குறைவு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பழைய ஸ்டூடியோக்களில் முகத்துக்குப் பவுடர் பூசி உட்கார வைத்து, பிறகு நெகட்டிவிலும் பென்சில் பிடித்து முகத்தை வெளுக்க வைத்தார்கள். மரியாதையான படம் என்றால் வெளுத்த படம் என்று இரண்டு மூன்று தலைமுறைக்குப் பாடம் நடந்திருக்கிறது. அந்தப் பாடத்தை என் தூரிகை தொடரக் கூடாது என்பது என் உறுதி. நான் வாதாடுவதில்லை. இருந்த நிறத்தில் முகத்தை முடித்து, வாசல் வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டுவேன். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையில் நின்று சற்று நேரம் பார்த்தபிறகு, மாற்றச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

கரிய முகத்தை அதன் நிறத்திலேயே வரைவது எளிதல்ல. கறுப்பு டியூபைப் பிழிந்து பழுப்போடு குழைத்தால் முகம் சேறாகிவிடும். நான் தொடங்குவது பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் சேர்ந்த இருளில். நீலம் கூடினால் குளிர்ந்த இருள். அம்பர் கூடினால் சூடான இருள். கண் குழியிலும் மூக்கோரத்திலும் சூடானது, நெற்றியோரத்தில் குளிர்ந்தது. உதட்டுக்கும் கீழ் இமையின் உள்விளிம்புக்கும் கொஞ்சம் அலிசரின் சிவப்பு வேண்டும்; அது இல்லாத முகத்தில் உயிர் இருக்காது. கன்ன எலும்பில் மின்னும் வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளையை வைத்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். மலையில் வெளிச்சம் மேகத்தின் வழியாக வருகிறது. ஆகவே அந்த இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தை மெல்லிசாக இழுப்பேன். தாடைக்குக் கீழே ஒரு சொட்டுப் பச்சை. இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கிறவரின் முகத்தில், கீழிருந்து இலையின் நிறம் ஏறுகிறது. நின்று பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் தேயிலைப் பெட்டிகளில் அச்சான முகங்களில் அந்தப் பச்சையை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய துணை அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷல். 1955இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். தன் மக்களைப் பழுப்பு கலந்து தணிக்காமல், கன்னங்கரிய உருவங்களாகவே வரைகிறார். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று தனித்தனிக் கறுப்புகளை எடுத்து, அவற்றோடு நீலமும் பச்சையும் மற்ற நிறங்களும் சேர்த்து, கறுப்புக்குள்ளேயே மேடும் பள்ளமும் காட்டுகிறார். அருங்காட்சியகச் சுவர்களில் தம் மக்கள் இல்லாத குறையைத் தூரிகையால் நிரப்புவதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. கண்டி மலையில் இருக்கும் எனக்கு அந்த வேலையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களைப் பற்றிய படங்கள் இல்லாமல் இல்லை, நிறைய இருக்கின்றன. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பி பயிரிட்டார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். தோட்டங்கள் பெருகப் பெருகக் கேமராவும் வந்தது. கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த சார்ல்ஸ் ஸ்கோவன் தமிழ்ப் பெண்களைப் படமெடுத்தார். புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானவர். இங்கே இருந்த காலத்தில் அவரும் தொழிலாளரையும் குடியானவர்களையும் எடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த புகழ்பெற்றவர்களின் முகங்களுக்குப் பெயர் உண்டு: டார்வின், டெனிசன், ஹெர்ஷல். இங்கே எடுத்தவற்றில் ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’. படம் அருமையானது, ஓர் ஓவியனாக அதை நான் மறுக்க மாட்டேன். பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம். ஆனால் அந்த மனிதர்கள் யார், யாருடைய பாட்டி, யாருடைய தாத்தா என்று கேட்டால் பதில் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

விளம்பரப் படங்கள் இன்னும் மோசம். 1926 முதல் 1933 வரை இயங்கிய பேரரசுச் சந்தை வாரியம் பிரித்தானியத் தெருக்களில் சுவரொட்டிகள் ஒட்டியது. அந்தக் காலத்திலிருந்து இன்றைய பெட்டி வரைக்கும் தேயிலை பறிக்கிற பெண் ஒரே மாதிரிதான். இரண்டு விரலால் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். நிரையில் நிற்கிற எந்தப் பெண்ணும் அப்படிப் பறிப்பதில்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். கண் செடியின் மேல்மட்டத்தை விட்டு நகராது. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கொழுந்து கூடைக்குப் போகும். இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு செடியில் உரசி உரசிக் கிழிந்திருக்கும். நகக் கண்ணிலும் விரல் வெடிப்பிலும் தேயிலைக் கறை ஏறி, எத்தனை தேசிக்காய் தேய்த்தாலும் போகாத கருமை இருக்கும். ஒரு ஓவியன் கொழுந்துப் பெண்ணை அறிந்திருக்கிறானா என்று பார்க்க, நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன்.

பெயர் என்று சொன்னேன். கண்டியிலிருந்து லேவெல்ல பக்கமாக மகாவலியைத் தாண்டிப் போனால் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் என்ற நாயக்க அரசனின் காலத்து, 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை வரைந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும்: தேவரகம்பொல சில்வத்தென்ன, நீலகம பட்டபெந்தா, கொஸ்வத்தே ஹித்தர நயிதே. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் சில வருஷம் இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைவராக இருந்தபோது, கண்டிக் கைவினைஞர்களின் வீடு வீடாகப் போய், அவர்களுடைய கருவிகளையும் சாயங்களையும் குலங்களையும் குறித்து வைத்து, 1908இல் பெரிய நூலாக அச்சிட்டார். ஒரு தமிழரின் மகன் செய்த அந்த வேலையால் கண்டிச் சித்திரக்காரர்களின் மரபு ஏட்டில் நிலைத்தது. எங்கள் பக்கத்தில் பாட்டுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பாடல்களைச் சேர்த்துப் புத்தகமாக்கினார். சித்திரத்துக்கு அப்படி ஒருவர் வரவில்லை. காமன் கூத்துக்கு அரிதாரம் பூசிய கை யாருடையது? ரதிக்கும் மன்மதனுக்கும் கண்ணாடித் துண்டும் வர்ணத் தாளும் ஒட்டிக் கிரீடம் செய்தவர் யார்? தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில் முதன்முதல் சிங்கம் வரைந்தவர் யார்? அந்தந்தத் தோட்டத்து முதியவர்கள் சிலருக்குத் தெரியும். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையகத்தின் முதல் சித்திரங்களை வரைந்தது ஓவியர்கள் அல்ல. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கிற ரோதை முனிக்கும், தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் படாமல் பார்த்துக்கொள்கிற கவ்வாத்துச் சாமிக்கும், மலையோரத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மூன்று கோடு திருநீறு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார்களே, அவர்கள்தான். அந்தக் கல்லைவிடச் சிக்கனமாக ஒரு முகத்தை யாரும் வரைய முடியாது. எனக்கு ஒரு கோடு தேவையா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கல்லைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தெகல்தொருவச் சித்திரக்காரர்கள் சாயத்தைக் கடையில் வாங்கவில்லை. வெள்ளைக்கு மக்குள் களிமண், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொகட்டு மரத்துப் பால், கறுப்புக்கு விளக்குக் கரி. அவர்களுடைய மண் அவர்களுக்கு நிறம் கொடுத்தது. எங்களுக்கு எது கொடுக்கும் என்று யோசித்தால் விடை காலடியில் இருக்கிறது. டஸ்ட் தேயிலையைக் கொதிக்க வைத்து, மூன்றில் ஒரு பங்காக வற்ற விடுவேன். துருப்பிடித்த பழைய கவ்வாத்துக் கத்தித் துண்டை வினாகிரியில் ஊறப்போட்டு இரும்புத் தண்ணீர் எடுப்பேன். சாயத்தில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பழுப்பு கண் முன்னே நீலக் கறுப்பாக மாறும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வருகிற மாற்றம் அது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஆவணங்கள் எழுதிய மையும் இதே முறைதான். அங்கே ஓக் மரத்து மாசிக்காய், இங்கே கொழுந்து. கொஞ்சம் வேலம்பிசின் சேர்த்தால் மை தாளில் ஓடாமல் நிற்கும். ஆனால் தாளில் மெல்லிசாக இழுக்கும்போது கோடு வெளிறிய சாம்பலாக இருக்கும். காற்றுப் பட்டு மறுநாள் கறுக்கும். ஆகவே இந்த மையில் வரைகிறவன், கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல், நாளைக்கு வரப்போகும் இருளைக் கணக்குப் பண்ணி வரைய வேண்டும். இரும்பு கூடினால் வருஷங்கள் போகப் போகத் தாளைத் தின்றுவிடும். வெறும் தேயிலைச் சாயமோ வெயிலில் வெளுத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே அளவு பிடிப்பதுதான் வித்தை.

தேயிலையைச் சாயமாகவும் பொருளாகவும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடப்பவர்கள் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போய் ஓவியம் படித்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைக் கறையையும் தேயிலைப் பைகளையும் கொண்டே தோட்டத்துப் பெண்களின் வாழ்வைச் சொல்கிறார். ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற பையில் ஒரு பெண்ணின் உருவம் தெரியும்போது, குடித்தவர் அதைக் கடந்து போக முடியாது. அருள்ராஜ் உலகநாதனும் தோட்டத்துத் தொழிலாளர் வாழ்வையே தன் கலையின் நடுவில் வைத்திருக்கிறார். கொழும்புக் கண்காட்சிகளில் இவர்களுடைய படைப்புகளுக்கு இன்று இடம் கிடைக்கிறது. அவை பிறந்த மலைக்குத் திரும்பி வந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் ஒரு வாரமாவது தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

சில வீடுகள் இரண்டு படங்களைக் கொண்டுவரும். ஒன்று அடையாள அட்டை. மற்றது ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவரின் பழைய ஸ்டூடியோப் படம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு கணக்கில், தம்பி மறு கணக்கில். தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அதற்குப் பிறகு சந்திக்காமலே இறந்த சகோதரர்களை ஒரே தாளில் சேர்த்து வரையச் சொல்லி வருவார்கள்.

என் தொழிலில் மிகக் கடினமான வேலை இதுதான். ஸ்டூடியோப் படத்தில் விளக்கு இடப்பக்கம். அடையாள அட்டையில் வெளிச்சம் நேரே முகத்தில். இரண்டையும் அப்படியே வரைந்தால், ஒரே தாளில் இருந்தும் வேறு வேறு அறையில் இருப்பார்கள். ஆகவே இரண்டு வெளிச்சத்தையும் விட்டுவிட்டு, லயத்து வாசலில் காலையில் விழும் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு இருவருக்கும் அதையே கொடுப்பேன். அடுத்தது வயது. போனவர் படத்தில் இருபதுகளில் இருக்கிறார். இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். போனவருக்கு வயதேற்றவா, இருந்தவருக்குக் குறைக்கவா? இதை நான் முடிவு செய்வதில்லை. குடும்பத்துப் பெரியவரிடம் விட்டுவிடுவேன். பிரிந்த நாளில் இருந்தபடியே இருவரையும் கேட்பவர்கள் உண்டு. கிழவர்களாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால், போனவருடைய பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்து, அவர்கள் முகத்திலிருந்து அவருக்கு வயதேற்றுவேன். கூடலூரிலோ நீலகிரியின் வேறு ஊரிலோ இருக்கிற அந்தப் பிள்ளைகள் பெரியப்பாவின் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பதும் இந்தப் படத்தில்தான்.

எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைக்கு நடந்த பயணத்தையும் ஒரு நீளமான துணியில் வரைந்து வருகிறேன். அதற்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஜேக்கப் லோரன்ஸ். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்குக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களின் கதையை 1941இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், 60 பலகைகளில் வரைந்து முடித்தவர். ஒவ்வொன்றாக முடிக்காமல் எல்லாப் பலகைகளையும் ஒன்றாகப் பரப்பி, ஒரு நிறத்தை எடுத்தால் அந்த நிறம் வேண்டிய எல்லாவற்றிலும் வைத்துக்கொண்டே போனார். அறுபதும் ஒரே மூச்சில் பிறந்ததுபோல் இருப்பது அதனால்தான். இன்னொரு ஆசிரியர் தெகல்தொருவச் சுவர். அங்கே வரைந்துள்ள, புத்தரின் முற்பிறப்புக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகத்தில் ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு மரம் நிற்கும். என் துணியிலும் மரங்களே காட்சிகளைப் பிரிக்கின்றன. மன்னார்க் கரையில் பனை, தம்புள்ளைப் பாதையில் காட்டு மரம், மாத்தளை வந்ததும் கோப்பி, அதன் பிறகு தேயிலை. காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் அந்தக் காட்டு மரங்களின் கீழே இருக்கிறார்கள். 2023இல், மலையகம் வந்து இருநூறு வருஷம் என்று, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளை வரைக்கும் எங்கள் ஆட்கள் அதே பாதையை மறுபடி நடந்தார்கள். துணியின் கடைசிப் பட்டை அவர்களுக்கு. அதில் நடப்பவர்களுக்குச் செருப்பு இருக்கிறது, கையில் பதாகை இருக்கிறது, முகத்துக்குக் கீழே பெயரும் இருக்கிறது.

இந்த வரலாற்றின் பொருள்களை நேரில் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஹந்தான மலையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம், இயந்திரங்களையும் டெய்லரின் பொருள்களையும் நன்றாகப் பாதுகாக்கிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், லயத்து அறைகளிலேயே, சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கிய தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூடையும் கத்தியும் மழைக்குப் போர்த்தும் கொங்காணியும் பழைய துண்டு ஆவணங்களும் அங்கே கிடைக்கும். கண்டிக்கு வருகிற மலையகப் பிள்ளைகளை முதலில் கூட்டிப்போக வேண்டிய இடம் இரண்டாவது என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர் மலையகத்து வீட்டைச் சேர்ந்தவர் என்றால் ஒரு வேண்டுகோள். சுவரில் இருக்கும் பழைய படத்தை ஒருநாள் இறக்குங்கள். கண்ணாடியைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் கைப்பேசியால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டுப் படத்தைத் தின்றுவிடும். அடுப்புப் புகை படும் சுவரிலிருந்து மாற்றிவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், அவருடைய பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தோட்டம், டிவிசன், செய்த வேலை, தெரிந்தால் வருஷம் ஆகியவற்றை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். வரைந்த படமாக இருந்தால், வரைந்தவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். என்னோடு தொழில் செய்கிறவர்களே, நீங்களும் படத்தின் மூலையில் உங்கள் பெயரைப் போடுங்கள்.